பதினாலு தழையும் ஒரு கட்டுரையும்

அன்று காலை புதூர்நாட்டில் ஜீப் கிளம்பவில்லை.

வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. கரீம் பாய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு தடவை ஹாரனும் அடித்துவிட்டார். கீழே போக வேண்டிய பதினைந்து பேர், நான்கு மூட்டை புளி, ஆறு பலாப்பழம், கால் கட்டிய சேவல் ஒன்று, எல்லாம் தயார். ஆனால் ஒருத்தரும் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி நின்று அதன் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக் கம்பியில் ஒரு கொத்துப் புங்கந்தழை. நார் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

கரீம் பாய் ஆலங்காயத்துக்காரர். மலைக்கு ஜீப் ஓட்ட வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தன் வண்டிக்குக் கண் படக் கூடாதென்று யாரோ நல்ல மனசுக்காரர் கட்டியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஏன் ஏறவில்லை என்று கேட்டபோது, முன்னால் நின்ற பெரியவர் பணிவாகச் சொன்னார்.

"தழ கட்டிக்கீது பாய். இன்னொருத்தர் பொருள் மேல நாங்க எப்டி ஏறுறது?"

"இன்னா இன்னொருத்தர்? வண்டி என்துங்க," என்றார் பாய். நம்பாதவர்களுக்கு ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். அதை வாங்கி மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏறவில்லை.

கூட்டத்தில் நானும் நின்றேன். கட்டியது யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஜீப்பைப் பற்றித்தான் கட்டுரை எழுதுவது என்று நான் முந்தின நாள் முடிவு செய்திருந்தேன்.

தழை கட்டுவது

கீழ்நாட்டு வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் காட்டுக்குள் போகிறவர் கண்ணில் ஒரு தேன்கூடு பட்டால் அன்றே எடுத்துவிட மாட்டார். அடை முற்ற வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் வருவார். அதற்குள் வேறொருவர் கை வைக்காமல் இருக்க, மரத்தில் ஆள் உயரத்தில் ஒரு கொத்துப் பச்சைத் தழையை நாரால் கட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான். பூட்டும் இல்லை, காவலும் இல்லை. அந்த மரத்தடியில் படுத்துத் தூங்குகிறவர்கூட அண்ணாந்து பார்க்க மாட்டார்.

இதில் ஒரு கெடு உண்டு. தழை காய்ந்து விழுந்துவிட்டால் உரிமையும் போய்விடும். அதற்குள் தேனை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தழையை மாற்றிக் கட்ட வேண்டும்.

எங்கள் சித்தப்பா ஒருவர் இப்படிக் கட்டிவிட்டு வந்து ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டார். சித்தி தினமும் போய்த் தழை மாற்றினாள். தழை மாற்றுவதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஆள் நடமாட்டத் தொந்தரவு தாங்காமல் தேனீக்கள் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரியவில்லை. வெறும் கூட்டுக்கு இருபது நாள் தழை மாற்றியிருக்கிறாள். சித்தப்பா அதற்கப்புறம் தேன் என்ற வார்த்தையையே வீட்டில் சொன்னதில்லை.

சூசை வாத்தியார் கொடுத்த படிவம்

நானும் என் அத்தை மகன் வெள்ளையனும் ஆலங்காயத்தில் விடுதியில் தங்கிப் படித்து அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தோம். ஊரில் அதற்குமுன் அவ்வளவு தூரம் படித்தவர்கள் கிடையாது. அதனால் எங்கள் இருவரையும் ஏதோ உடம்பு சரியில்லாத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் கவலையோடுதான் பார்த்தார்கள்.

சூசை வாத்தியார் எங்கள் பள்ளிக்கூடத் தமிழாசிரியர். கீழே ஒரு கல்லூரியில் மலைப்பிள்ளைகளுக்கென்று பி.யு.சி.யில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து இரண்டு படிவங்கள் வாங்கி வந்தார். இடம் ஒன்று, ஆள் இரண்டு. மார்க்கும் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே எல்லாம் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'உம் சொந்த வாழ்விலிருந்து ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.' அதன் கீழே காலியாகக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு.

"மலையிலேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்கு விஷயத்துக்கா பஞ்சம்?" என்றார் வாத்தியார். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே பொருளை எழுதிவிடக் கூடாது. ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் எடுத்தது தெரிந்தால் அங்கே இருக்கிற முதல்வர் ஃபாதர் படிவத்தையே கிழித்துவிடுவாராம்.

வெளியே வந்ததும் நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். கரடியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வெள்ளையனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் கரடி வந்து போகும் பாறைக்குப் பக்கத்து மரத்தில் தழை கட்டியிருந்தது.

டிரான்சிஸ்டர் மாப்பிள்ளை

இதில் எனக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். அவசரம் அமிர்தியில் இருந்தது.

அமிர்தியில் காட்டு இலாகா வேலைக்கு ஆள் வைக்கும் மேஸ்திரி ஒருவர் என்னைப் பெண் கேட்டிருந்தார். என்னைவிடப் பதினாலு வயது பெரியவர். குணம் எப்படியோ தெரியாது, அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அது பாடியது, செய்தி சொன்னது, நடுவில் கரகரவென்றும் கத்தியது. என் அம்மா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பா நியாயமானவர். கல்லூரியில் இடம் கிடைத்தால் படிக்கப் போ, கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். வெள்ளையன் எனக்கு முறைப்பையன்தான். ஆனால் அவனுக்கும் எனக்கும் அந்த யோசனை ஒருநாளும் வந்ததில்லை. அவன் எனக்குப் போட்டி, அவ்வளவுதான். அவனுக்கும் படிக்க ஆசை இருந்தது. இல்லையென்றால் இந்தக் கூத்தெல்லாம் செய்வானா?

ஆடு தின்ற பொருள்

கரடி போனால் போகட்டும் என்று ஓடையை எடுத்தேன். சின்ன வயதில் வெள்ளத்தில் எங்கள் அலுமினியக் குண்டான் அடித்துக்கொண்டு போய் மூன்று நாள் கழித்து அடுத்த ஊரில் கிடைத்த கதை. நல்ல கதை. ஓடைக்கரைக்குப் போனேன். நாவல் மரத்தில் தழை. சரி, ஓடை வேண்டாம், குண்டானையே எழுதலாம் என்று வீட்டுக்கு வந்தேன். குண்டான் காதில் தழை.

"உங்க அத்த புள்ளதான் வந்து கட்டிட்டு போச்சி, காசி," என்றாள் அம்மா. தன் குண்டானுக்கு இப்படி ஒரு மதிப்பா என்று அவளுக்கு ஒரே பெருமை. தழை விழும்வரை அதில் சமைக்கவில்லை.

பலாமரம், சாமைக் கதிர் அடிக்கும் களம், எனக்கு அம்மை போட்டபோது படுத்திருந்த கட்டில், எல்லாவற்றிலும் தழை. என் அம்மையை அவன் எப்படி எழுதுவான் என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து விசிறியது தான்தான் என்றான். அது உண்மைதான்.

எங்கள் ஆட்டுக்கும் கட்டினான். ஆடு திரும்பி அதைத் தின்றுவிட்டது. சட்டப்படி ஆடு இப்போது பொது. நான் ஓடிப் போய் நோட்டை எடுத்தேன். 'எங்கள் ஆடு' என்று தலைப்பு எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தழையைத் தின்றதைத் தவிர அந்த ஆடு வாழ்க்கையில் சொல்லும்படியாக ஒன்றுமே செய்யவில்லை. அதற்குள் அவன் மறுபடி வந்து, வாய்க்கு எட்டாமல் கொம்பில் கட்டிவிட்டுப் போனான்.

பதினாலாவதாகத்தான் ஜீப். அன்று காலை வெள்ளையனை வீட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். தான் கட்டியது ஜீப்புக்கு இல்லை, ஜீப்பைப் பற்றி எழுதுவதற்கு மட்டும்தான் என்று அவன் எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகே ஜனங்கள் ஏறினார்கள். கரீம் பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். என் வண்டியைப் பற்றி எழுதப் போகிறாயா என்று கேட்டார். அடுத்த நிமிஷம் அவனை முன்சீட்டில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். இடம் பிடிக்க விடியற்காலையிலேயே வந்த நான் சேவலோடு பின்னால் தொங்கிக்கொண்டு போனேன்.

கவுண்டர் தீர்ப்பு

வெயில் காலம். தழை நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. பதினாலு இடமும் ஒரே பக்கமா இருக்கிறது? பாறை கிழக்கே, ஓடை மேற்கே. வெள்ளையன் காலையில் கிளம்பினால் தழை மாற்றிவிட்டு வெயில் உச்சிக்கு வரும்போதுதான் வீடு திரும்புவான். வந்து படுத்தால் கட்டை மாதிரித் தூங்குவான். படிவத்தின் இருபத்தெட்டுக் கோடும் அவனிடமும் காலியாகவே இருந்தன. சித்திக்கு நேர்ந்தது அவனுக்கும் நேர்ந்துகொண்டிருந்தது.

கடைசித் தேதிக்கு ஏழு நாள் இருந்தது. ஒருநாள் மத்தியானம் பலாமரத்தடியில் அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்தபடி நின்றேன். காலில் முள் கீறல், கையில் நார்ச்சுருள், தலைமாட்டில் ஒரு கட்டுத் தழை. ஊரில் தழை கட்டாத பொருள் ஒன்று என் முன்னாலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் தழையிலேயே ஒரு கொத்து எடுத்து, அவன் நாராலேயே அவன் இடது மணிக்கட்டில் கட்டினேன்.

எழுந்தவன் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஆளுக்கெல்லாம் கட்டக் கூடாது என்று கத்தினான். குண்டானுக்குக் கட்டலாமா என்று நானும் கத்தினேன். இருவரும் ஊர்க்கவுண்டரிடம் போனோம்.

அவர் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். இதுவரை ஆளுக்குத் தழை கட்டிய வழக்கு வந்ததில்லை, அதனால் அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. நாலு முறம் தூற்றி முடிக்கும்வரை யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அவன்கிட்ட தேன் இன்னா கீது?"

"நிறைய கீதுங்க," என்றேன்.

"அப்டின்னா கட்னது செல்லும். வுழுற வரைக்கும் அவ பொருளு. வுழுந்துட்டா நீ உன் பொருளு. போங்க, தூசி வுழுது."

வெள்ளையன் அதை அவிழ்க்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிஷ வேலை, ஆனால் எங்கள் ஊரில் கட்டிய தழையை அவிழ்க்க யாருக்கும் கை வராது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதன்பின் ஒரு வாரம் என் கண்ணிலேயே படவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சாவகாசமாகத்தான் எழுதினேன். எதிலிருந்து தொடங்குவது என்று யோசிப்பதிலேயே நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் பேனாவைத் திறந்தேன். கரடிப் பாறை முதல் ஆட்டுக் கொம்பு வரைக்கும், தழை விழுந்தால் உரிமை போகும் என்ற விதி உட்பட எல்லாம் எழுதினேன். இருபத்தெட்டுக் கோடு போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். ஏழாம் நாள் ஆலங்காயம் தபாலாபீசில் போட்டேன்.

விவரம் பின்னர்

இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளையன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கரீம் பாய் மச்சானுடையது, தோள் இரண்டு விரல் இறங்கி நின்றது. அந்த வெயிலில் கைப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. வழியெல்லாம் வேர்த்து ஊற்றியது. கையை மடித்து விட்டுக்கொள் என்றேன், மரியாதையாக இருக்காது என்றான்.

எங்களை ஒன்றாகவே உள்ளே அழைத்தார் ஃபாதர். வெள்ளை அங்கி, பெரிய மூக்குக் கண்ணாடி. முதலில் வெள்ளையனின் கட்டுரையை எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

"கரடி. எங்கள் ஊரில் கரடி உண்டு. விவரம் பின்னர். ஓடை. இது மழைக்காலத்தில் ஓடும். விவரம் பின்னர். ஜீப். இதற்கு நான்கு சக்கரங்கள். விவரம் பின்னர்." நிறுத்தினார். "தம்பி, பதினாலு இருக்கிறது. ஒன்றையாவது எழுதியிருக்கலாமே?"

"ஒன்ன எடுத்தா பாக்கி பதிமூணையும் வுட்டுடணுமே, ஃபாதர்," என்றான் வெள்ளையன். அவன் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே அதுதான் அவன் துக்கம் என்று தெரிந்தது.

பிறகு என் கட்டுரை. அதை மனதுக்குள் படித்தார். இரண்டு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குள் நம்பிக்கை எழும்போதே அவர் முகம் இறுகிவிட்டது.

"நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் இது உன் பொருளா, இந்தப் பையன் பொருளா? அடுத்தவர் பொருளை எடுத்து எழுதுவதை நான் ஏற்பதில்லை." வெள்ளையன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கள் வழக்கப்படியே கேட்கிறேன். தழைக் கட்டு உன் கையில் இருக்கும்போதுதான் இவள் எழுதினாளா? இல்லையென்றால் சொல்லிவிடு. இவள் படிவத்தைத் தள்ளிவிடுகிறேன். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. இடம் உனக்குத்தான்."

எனக்குக் காதில் டிரான்சிஸ்டர் கரகரவென்று கேட்டது.

வெள்ளையன் வலது கையால் இடது கைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான்.

"கட்டுலதான் எழுதினா, ஃபாதர். இன்னும்கூட கட்டு இருக்குது."

"இன்னுமா? எங்கே, பார்க்கலாம்."

"காட்னா வுழுந்துடும் ஃபாதர். ஓரம் காஞ்சிக்கீது."

ஃபாதர் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் அவன் கரீம் பாயிடம் கிளீனராகச் சேர்ந்தான். மறு வருஷம் அதே இடம் திரும்ப வந்தது. சூசை வாத்தியார் படிவத்தோடு மலை ஏறியே போய்க் கேட்டிருக்கிறார். எதை எழுதுவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். மேஸ்திரி வேறு இடத்தில் பெண் கட்டினார். என் முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வாங்கித் தர வேண்டியதாயிற்று.

புதுத் தழை

இந்த வாரப் பத்திரிகைக்கு இதைத்தான் எழுதுவது என்று முடிவானதும் ஒருமுறை புதூர்நாட்டுக்குப் போய் வந்தேன். பழைய விதி மனதை உறுத்தியது. கட்டு எப்போதோ விழுந்திருக்கும். மாற்றிக் கட்டாமல் எழுதினால் நன்றாயிருக்காது.

வெள்ளையன் இப்போது சொந்த ஜீப் ஓட்டுகிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கக் கண்ணாடியில் பச்சையாக ஒரு கொத்துத் தழை தொங்கியது.

"இன்னும் ஜீப்ப பத்தி எழுதலையா?" என்றேன்.

"அவசரம் இன்னா?" என்றான்.

வழியில் பறித்து வைத்திருந்த புங்கந்தழையைப் பையிலிருந்து எடுத்தேன். நாங்கள் காலேஜ் நேர்முகத்துக்குப் போன கதையைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவன் டீ கிளாஸை டாஷ்போர்டில் வைத்துவிட்டு இடது கையை நீட்டினான். நாரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"கெட்டியா கட்டு காசி," என்றான். "போன தடவ மூணாம் நாளே வுழுந்துடுச்சி."

என் விரல் முடிச்சிலேயே நின்றுவிட்டது. நான் பேனாவைத் திறந்தது ஐந்தாம் நாள். அந்த முழுக்கைச் சட்டைக்குள் ஒன்றுமே இருந்திருக்கவில்லை. ஃபாதர் கேட்டபோது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது பொய்கூட இல்லை.

"இன்னா அப்டி பாக்குற? சீக்கிரம் கட்டு, சவாரி வந்துடுச்சி," என்றான் வெள்ளையன்.

இரண்டு முடிச்சாகப் போட்டேன்.